பரணில் கிடந்த ஏழு பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, தூக்கம் வரும்வரை ஓடட்டும் என்றுதான் அந்தப் படத்தைப் போட்டேன். அடுப்படியில் பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்த மனைவி, "என்ன படம்?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

"சாவுன்னு ஒரு பேண்டு. அவங்களைப் பத்தின படம்."

பாத்திரச் சத்தம் நின்றது. "வேற பேரே கிடைக்கலையா அவங்களுக்கு?"

1975-இல் அமெரிக்க இசை உலகின் பெரும்புள்ளிகளில் ஒருவரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். வேறு பெயர் வைத்துக்கொள்ள முடியாது என்று ஓர் அண்ணன் சொன்னான். தம்பிகள் இருவரும் அவனோடு நின்றார்கள். அதோடு போயிற்று. அந்தப் பாட்டுகள் உலகத்தின் காதில் விழ இன்னும் 34 வருஷம் ஆனது.

படத்தின் பெயர் 'எ பேண்ட் கால்டு டெத்'. 2012-இல் வந்தது. மார்க் கோவினோ, ஜெஃப் ஹௌலெட் இருவரும் சேர்ந்து இயக்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நான் தூங்கவில்லை.

டெட்ராய்ட் நகரம். ஹாக்னி குடும்பத்தில் டேவிட், டேனிஸ், பாபி என்று மூன்று சகோதரர்கள். இவர்களுக்கு மேலே எர்ல் என்று இன்னொரு அண்ணனும் உண்டு. 1964-இல் பீட்டில்ஸ் குழு முதன்முதலாக எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வந்தபோது, அப்பா பிள்ளைகளைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்திருக்கிறார். மறுநாள் டேவிட் வீட்டுக்குப் பின்சந்தில் யாரோ தூக்கிப் போட்ட கிடார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். சினிமாவில் இப்படி ஒரு காட்சி வைத்தால் நான் நம்பமாட்டேன். ஆனால் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். சரி, நம்புவோம்.

1971 வாக்கில் மூவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். டேவிட் கிடார், டேனிஸ் டிரம்ஸ், பாபி பேஸ் கிடாரோடு பாட்டு. பேண்டின் பெயர் ராக் ஃபயர் ஃபங்க் எக்ஸ்பிரஸ். ரயில் வண்டி மாதிரி நீளமான இந்தப் பெயரில் இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. ஊரே வாசித்த ஃபங்க், ஆர் அண்ட் பி என்ற கறுப்பினத் தாள இசை வகையைத்தான் இவர்களும் வாசித்தார்கள். அப்புறம் தி ஹூ குழுவின் கச்சேரியும் ஆலிஸ் கூப்பரின் கச்சேரியும் இவர்களைத் திருப்பிப் போட்டுவிட்டன. இனிமேல் ராக் மட்டும்தான் என்று முடிவாயிற்று.

இது எவ்வளவு பெரிய முடிவு என்று தெரிய அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டெட்ராய்ட் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் சொந்த ஊர். 1959-இல் அங்கே ஒரு சாதாரண வீட்டில் தொடங்கிய அந்தக் கம்பெனி, கறுப்பினப் பாடகர்களை அமெரிக்காவின் ஒவ்வொரு வரவேற்பறைக்குள்ளும் கொண்டுபோனது. 1967 கலவரத்தில் நகரம் எரிந்தது. 1972-இல் மோட்டவுனும் மூட்டையைக் கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. ஆனாலும் கறுப்பின மக்கள் வாழும் கிழக்குப் பக்கத் தெருக்களில் ரேடியோ போட்டால் எர்த் விண்ட் அண்ட் ஃபயர், ஐஸ்லி பிரதர்ஸ். அந்தத் தெருவில் மூன்று கறுப்பினப் பையன்கள் காது கிழிய எலெக்ட்ரிக் கிடாரை அலறவிடுகிறார்கள். இது வெள்ளைக்காரன் பாட்டு, உங்களுக்கு எதற்கு என்பதுதான் அக்கம்பக்கத்தின் எதிர்வினை. ராக் இசையே கறுப்பினக் கலைஞர்கள் போட்ட விதை என்பதை அந்தத் தெருவே மறந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் அப்பா இறந்துபோகிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிவந்த ஒருவன் மோதியதில் போன உயிர். டேவிட்டை அந்தச் சாவு வேறு மாதிரி பிடித்துக்கொண்டது. சாவு என்பது முடிவில்லை, அது இன்னொரு பக்கம் போகும் பயணம், அதைப் பார்த்து முகம் சுளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தான். பேண்டின் பெயரையே டெத் என்று மாற்றுவோம் என்றான். தம்பிகளைச் சம்மதிக்கவைப்பது லேசாக இல்லையாம். பாபி அதைச் சொல்லும்போது சிரிக்கிறார். பல வருஷம் கழித்துத்தான் சிரிக்க முடிகிற விஷயம் அது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிகிறது.

டேவிட் ஒரு முக்கோணச் சின்னமும் வரைந்துவைத்திருந்தான். மூன்று புள்ளிகள் ஆன்மா, மனம், உடல். இன்னொன்று தனியாக, வழிகாட்டும் கடவுளுக்கு. மண்டையோடு, ரத்தம், கறுப்பு உடை எதுவும் கிடையாது. தேவாலயத்துக்குப் போகிற வீட்டுப் பிள்ளை துக்கத்தில் கண்டுபிடித்த தத்துவம் இது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த முக்கோணம் தெரியாது. சாவு என்கிற எழுத்து மட்டும்தான் தெரியும்.

எந்தக் கம்பெனியில் போய்க் கேட்பது? தொலைபேசி டைரக்டரியின் யெல்லோ பேஜஸைச் சுவரில் மாட்டி அம்பெறிந்து பார்த்தார்கள். அது க்ரூவ்ஸ்வில் என்ற கம்பெனிமேல் குத்தியது. நடத்தியவர் டான் டேவிஸ் என்ற தயாரிப்பாளர். அவர் வழியாக 1975-இல் யுனைடெட் சவுண்ட் ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வீடு மாதிரிதான் இருக்கும் அந்த ஸ்டூடியோ. 1948-இல் ஜான் லீ ஹூக்கர் தன் முதல் பெரிய வெற்றிப் பாட்டைப் பதிவுசெய்த இடம். மோட்டவுனின் ஆரம்பகாலப் பாட்டுகூட அங்கேதான் பதிவானது. ஒலிப்பதிவாளர் ஜிம் விட்டி படத்தில் வந்து பேசுகிறார்.

பன்னிரண்டு பாட்டு பதிவுசெய்வதாகத் திட்டம். ஏழோடு நின்றுபோனது.

நின்றதற்குக் காரணம் கிளைவ் டேவிஸ், முதலில் சொன்ன அந்தப் பெரும்புள்ளி. அமெரிக்க இசைத் தொழிலில் அவர் பெயரைச் சொன்னால் கதவுகள் தாமாகத் திறக்கும். பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஒப்பந்தம் போடலாம் என்று பேச்சு வந்ததாகக் குடும்பம் சொல்கிறது. டேவிட் முடியாது என்றுவிட்டான். பெயரையே கொடுத்துவிட்டால் அப்புறம் மிச்சத்தையும் கொடுத்த மாதிரிதான் என்பது அவன் கணக்கு. எல்லோரும் பாய்ந்துபோய்க் கையெழுத்துப் போடும் இடத்தில், சட்டைப்பையில் காசில்லாத இளைஞன் ஒருவன் இப்படிச் சொல்லியிருக்கிறான்.

படத்தை முதல் தடவை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் டேவிட்டைத்தான் பார்ப்பார்கள். எனக்குத் தம்பிகள்மேல்தான் கண் போனது. அந்தப் பெயர்மேல் இவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுதலும் கிடையாது. பெயரை மாற்றியிருந்தால் ஒருவேளை இருபது வயதிலேயே வாழ்க்கை மாறியிருக்கும். ஆனால் உடன்பிறந்தவன் பின்னால் நிற்க வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். பெற்றோர் சொல்லி வளர்த்தது. நின்றார்கள். அண்ணன் எடுத்த முடிவுக்கு வட்டி கட்டியவர்கள் அவர்கள்தான். கொள்கை பேசியவனைப் பற்றிப் பாட்டு எழுதுகிறோம். அவனோடு நின்றவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

1976-இல் சொந்தமாக ஒரு சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு, வெளியிட்டார்கள். சொந்த லேபிளின் பெயர் ட்ரையாங்கிள், டேவிட்டின் முக்கோணம்தான். ஒரு பக்கம் 'பாலிடிஷியன்ஸ் இன் மை ஐஸ்', இன்னொரு பக்கம் 'கீப் ஆன் நாக்கிங்'. 500 பிரதிகள். ரேடியோ நிலையங்களுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். டிஸ்கோ அலை வந்துகொண்டிருந்த நேரம். யாரும் சீந்தவில்லை.

இந்த 500 என்ற எண் வந்ததும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு எண் உண்டு. 300.

1994-இல் மதுரையில் என் அண்ணன் ஒரு சிற்றிதழ் நடத்தினான். பெயரைச் சொல்லமாட்டேன், அவனுக்குப் பிடிக்காது. மொத்தம் மூன்று இதழ்கள், ஒவ்வொன்றும் 300 பிரதி. ஒரு சந்துக்குள் இருந்த டிரெடில் அச்சகத்தில் ஈய எழுத்தைக் கோத்து அடித்தது. புரூஃப் பார்ப்பது என் வேலை. கெட்டியான மை வாசனை அடிக்கும் அந்த ஈரத்தாளை மாலையில் வாங்கிவந்து, ஒற்று விட்டுப்போன இடங்களில் சிவப்புப் பேனாவால் குறி போட்டு, காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவேன். பிரதிகள் வந்ததும் நானும் அம்மாவும் சேர்ந்து மடித்து, பின் அடித்து, முகவரி எழுதி, புக் போஸ்டுக்குத் தபால்தலை ஒட்டுவோம். விலை 5 ரூபாய். யாரிடமிருந்தும் 5 ரூபாய் வந்ததாக எனக்கு நினைவில்லை. கடிதம் வரும். நீளநீளமாகத் திட்டி எழுதுவார்கள். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. மூன்றாவது இதழோடு அச்சகத்துக்குப் பாக்கி ஏறிப்போய், அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். மிச்சப் பிரதிகளைச் சணல் கயிற்றால் கட்டிப் பரண்மேல் ஏற்றினோம்.

சரி, டெட்ராய்ட்டுக்குத் திரும்புவோம்.

1977-இல் டெத் முடிந்துபோனது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இருந்த வெர்மான்ட் மாநிலத்துக்கு, பர்லிங்டன் என்ற ஊருக்கு மூன்று பேரும் இடம்பெயர்கிறார்கள். டெட்ராய்ட்டின் புகையும் சத்தமும் எங்கே, ஏரிக்கரையில் பனி கொட்டும் அந்தச் சின்ன ஊர் எங்கே. அங்கே தி ஃபோர்த் மூவ்மெண்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு பக்தி ராக் வாசித்து இரண்டு ஆல்பம் போட்டார்கள். அதுவும் போகவில்லை. 1982-இல் டேவிட் டெட்ராய்ட்டுக்கே திரும்பிவிட்டான். தம்பிகள் திரும்பவில்லை. அவர்களுக்குப் பர்லிங்டனில் வாழ்க்கை வேர்பிடித்துவிட்டது. ரெகே என்ற ஜமைக்கா இசைக்கு லாம்ப்ஸ்ப்ரெட் என்று ஒரு பேண்ட் தொடங்கி அந்த வட்டாரத்தில் பெயரும் எடுத்தார்கள். அண்ணனை அவர்கள் கைவிட்டதாகப் படம் சொல்லவில்லை. ஆனால் மூவரில் ஒருவன் மட்டும் தனியாகப் பேருந்து ஏறிப் போன மாதிரி ஒரு வெறுமை அந்த இடத்தில் இருக்கிறது.

டேவிட் 2000-இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தான். அதற்கு முன் ஒரு தடவை வெர்மான்ட்டுக்கு வந்தபோது, 1975-இல் பதிவுசெய்த மாஸ்டர் டேப்புகளைப் பாபியிடம் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள், உலகம் ஒருநாள் இதைத் தேடிவரும் என்று சொல்லியிருக்கிறான். இதைச் சொல்ல வரும்போது பாபிக்குக் குரல் உடைகிறது. நோயாளி சொல்கிற பேச்சுக்கு என்ன பதில் சொல்வோம்? சரி சரி என்போம். வாங்கிப் பரணில் வைப்போம். பாபியும் அதைத்தான் செய்தார். வலி தாங்காமல் பிள்ளைகளிடம்கூட அந்தக் காலத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பிள்ளைகளும் ராக் பிள்ளைகளாகத்தான் வளர்ந்தார்கள்! ரெகே வாசிக்கும் அப்பாவின் வீட்டில், பங்க் வாசிக்கும் மகன்கள். பங்க் என்றால் வேகமும் ஆவேசமுமான முரட்டு ராக்; முன்னால் சொன்ன ஃபங்க் வேறு.

அதற்குள் அந்த 500 பிரதிகளில் சில, பழைய இசைத்தட்டு பொறுக்குகிறவர்களின் கையில் சிக்கியிருந்தன. இந்த ஆட்கள் தனி இனம். குப்பை மாதிரிக் கிடக்கும் பெட்டிகளை முழங்காலிட்டுக் கிளறுவார்கள். இவர்களுக்குள் அந்தச் சிங்கிள் பல நூறு டாலருக்குக் கைமாற ஆரம்பித்தது. யாரோ இணையத்தில் ஏற்றினார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பார்ட்டியில் அந்தப் பாட்டு ஓடியபோது பாபியின் மகன்களில் ஒருவன் காதில் விழுந்தது. அங்கிருந்து அண்ணன் தம்பிகளுக்குள் செய்தி போகிறது. தேடி எடுத்துக் கேட்டால், பாடுகிற குரல் அப்பா குரல்.

படத்தில் நான் நிறுத்தி மறுபடி பார்த்தது இந்த இடத்தைத்தான். முப்பது வருஷத்துக்கு முந்தைய குரலைப் பெற்ற பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அப்பாவுக்கு போன் போடுகிறார்கள். நீங்கள் ஏன் சொல்லவே இல்லை என்று கேட்கிறார்கள். மகன்கள் உடனே ஒரு பேண்ட் தொடங்கி, அந்தப் பாட்டுகளைத் தாங்களே மேடையில் வாசித்தார்கள். பெயர் ரஃப் பிரான்சிஸ். டேவிட் பெரியப்பா கடைசிக் காலத்தில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. இந்தத் தடவையும் பெயர்தான்.

டேப் பரணிலிருந்து இறங்கியது. 2009-இல் சிகாகோவின் ட்ராக் சிட்டி நிறுவனம் ஏழு பாட்டையும் 'ஃபார் தி ஹோல் வேர்ல்ட் டு சீ' என்று ஆல்பமாகப் போட்டது. அரை மணி நேரம்கூட ஓடாது. அதே வருஷம் நியூயார்க் டைம்ஸ் பெரிய கட்டுரை எழுதியது. செப்டம்பரில் பாபியும் டேனிஸும் மறுபடி டெத் என்ற பெயரில் மேடை ஏறினார்கள். டேவிட் நின்றிருக்க வேண்டிய இடத்தில் லாம்ப்ஸ்ப்ரெட்டின் கிடார்க்காரர் பாபி டங்கன்.

பாட்டு எப்படி? அதைச் சொல்லாமல் போனால் இது வெறும் குடும்பக் கதையாகிவிடும். 'பாலிடிஷியன்ஸ் இன் மை ஐஸ்' ஏறக்குறைய ஆறு நிமிஷம். பேஸ் முதலில் ஓடத் தொடங்குகிறது, படிக்கட்டில் யாரோ தடதடவென்று இறங்கிவருகிற மாதிரி. டேனிஸின் டிரம்ஸ் அதைத் துரத்துகிறது. டேவிட்டின் கிடார் வந்து விழுந்ததும் பாபி அரசியல்வாதிகளின் பொய்யைப் பார்த்துக் கத்தத் தொடங்குகிறார். வேகம் அவ்வளவும் வேகம், ஆனால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. ஃபங்க் வாசித்துப் பழகிய கை, தாளம் நழுவவே நழுவாது. ஒரே வீட்டில் வருஷக்கணக்காக வாசித்த மூன்று பேருக்கு மட்டும் கைகூடுகிற நெருக்கம் அது. பிந்தைய பங்க் குழுக்கள் பலவற்றில் ஆவேசம் இருக்கும், இந்தத் துல்லியம் இருக்காது. 'யூ ஆர் எ பிரிசனர்' இரண்டரை நிமிஷம்கூட இல்லை. அதை அன்றைக்கு நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

படத்தில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. ஹென்றி ரோலின்ஸ், குவெஸ்ட்லவ், ஆலிஸ் கூப்பர், எலைஜா வுட் என்று பிரபலங்கள் வரிசையாக வந்து வியக்கிறார்கள். ஆலிஸ் கூப்பருக்காவது இந்தக் கதையில் பங்கு உண்டு. மற்றவர்கள் வியப்பதைப் பார்த்து நாமும் வியக்க வேண்டுமாம். பாட்டைப் போட்டால் போதுமே. அப்புறம் இந்த 'பங்க்குக்கு முந்தைய பங்க்' என்ற பட்டம். பங்க்கின் முன்னோடி என்று சொல்லப்படும் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976, இவர்கள் 1975 என்று தேதியை வைத்துப் பந்தயம் கட்டுகிறார்கள். அதே டெட்ராய்ட் வட்டாரத்தில் எம்சி5 என்ற ராக் குழு 1968-லேயே மேடையை உடைத்துக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்தின் இன்னொரு குழுவான ஸ்டூஜஸின் முதல் ஆல்பம் 1969. யார் முதல் என்பதற்கு முடிவே கிடையாது. அந்தத் தெருவில், அந்த வீட்டில், அந்த அவமதிப்புக்கு நடுவில் இந்தச் சத்தம் எப்படிக் கிளம்பியது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உறுத்தியது. டேவிட் சொன்ன மாதிரியே உலகம் தேடிவந்ததால், டேவிட் சரி என்று படம் மெல்ல நம்மை நம்பவைக்கிறது. தேடி வரவில்லை என்றால்? பழைய தட்டு பொறுக்குகிற ஒருவர் கண்ணில் அது படாமல் போயிருந்தால், அந்த மகன் வேறு பார்ட்டிக்குப் போயிருந்தால்? அதே டேவிட், அதே பாட்டு. ஆனால் வீட்டுக்குள் அவனைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்: பிடிவாதத்தால் தானும் கெட்டு தம்பிகளையும் கெடுத்தவன். படம் எடுக்க யாரும் வந்திருக்கமாட்டார்கள். உலகம் தேடிவராத பரண்கள்தான் கணக்கில் அதிகம். பாபி அந்த டேப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் பாருங்கள், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வைத்திருந்தார். அதற்குத்தான் என் கும்பிடு.

நான் வைத்திருக்கவில்லை. 2011-இல் மதுரை வீட்டைக் காலிசெய்தபோது பரணை ஒழித்தது நான்தான். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில், கரையான் ஒரு ஓரம் தின்றிருந்த அந்தக் கட்டு. அண்ணன் வெளியூரில் இருந்தான், கேட்கத் தோன்றவில்லை. தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர் கயிற்றோடு தராசில் தூக்கிவைத்தார். கிலோ 8 ரூபாய், 11 கிலோ. ஒரு பிரதியாவது எடுத்துவைத்திருக்கலாம். புரூஃபில் நான் விட்ட பிழைகளோடு.

படம் முடிந்தபோது மணி நாலரை. அண்ணனுக்கு போன் போட்டேன். பாட்டை அனுப்பினேன், கதையையும் சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"பேஸ் வாசிக்கிறவன் யாருடா, பிரமாதமா இருக்கு. ஆனா பேரை மாத்தியிருக்கலாம்."

"நீயாண்ணே இதைச் சொல்ற?"

"தம்பிங்க பாவம்டா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நம்ம கட்டு ஒண்ணு பரண்ல கிடந்துச்சே, இருக்கா?"

"இல்லண்ணே. வீடு காலி பண்ணப்ப போட்டுட்டேன்."

"எடைக்கா?"

"ஆமா."

"எவ்வளவு கொடுத்தான்?"

"எண்பத்தெட்டு ரூபா."

அவன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "பரவாயில்லடா," என்றான். "மூணு இதழுக்கும் சேத்து நான் வித்ததைவிட நீ கூட வித்திருக்க."